வெறும் புண் என்று சொன்னார்கள்

கத்தி வைக்காமல் வாய் வழியாகக் குழாய் விட்டு எனக்கு உணவுக்குழாய்ப் புற்றை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, வாரத்துக்கு ஒருவராவது மோகனூர் வந்து என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். உட்கார்ந்ததும் எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்கிறார்கள். என்ன தழை அரைத்துக் குடித்தீர்கள் என்கிறார்கள். குழாய் விட்ட கதையை நான் ஆரம்பித்தால் அவர்கள் கண் முறுக்குத் தட்டுக்குப் போய்விடுகிறது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர் கையில் கொடுத்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விடலாம். அதற்காகத்தான் இது.

அழகாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்குப் பக்தியெல்லாம் வருவதில்லை. குமட்டல்தான் வருகிறது.

என் பெயர் துரைசாமி. இருபத்தாறு வருடம் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில், வேலை செய்தவன். திருச்செங்கோட்டு வண்டியில் ஏறினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்ப எட்டு ஒன்பது மாதம் ஆகும். வாயெல்லாம் பாறைப் புழுதி. புழுதி தெரியாமலிருக்கப் புகையிலை. புகையிலைக் கசப்புப் போகக் கொதிக்கக் கொதிக்க டீ. டீயை ஆற்றிக் குடிக்கிறவனை எங்கள் செட்டில் ஆளாகவே மதிக்க மாட்டோம். கேபினில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில் கிடக்கும், எல்லோரும் அதில்தான் துப்புவோம். ஒருநாள் தாகத்தில் பார்க்காமல் அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். புத்தியுள்ளவன் அன்றைக்கே அந்தக் கருமத்தை விட்டிருப்பான். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த பாக்கெட்டைக் கிழித்தேன்.

வண்டியை விட்டு இறங்கி இப்போது மோகனூரில் மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறேன். மனைவி சரசு. ஒரே மகள், வாழப்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சரசுவின் தம்பி தங்கவேல் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். இந்தக் கதைக்கு இவ்வளவு பேர் போதும்.

போன வருடக் கடைசியில் நெஞ்செரிச்சல் ஓயாமல் இருந்தது. நாமக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, எதற்கும் சேலம் போய் ஸ்கோப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஸ்கோப் என்றால் நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த ஒரு கறுப்புக் குழாய். சுண்டுவிரல் தடிமன் இருக்கும். தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, பல்லுக்கிடையில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து உள்ளே விடுகிறார்கள். வலி இல்லை. ஆனால் அது போகப் போக உடம்பு முழுவதும் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. கண்ணில் தண்ணீர், மூக்கில் சளி, வாயில் எச்சில். அந்த எச்சில் என் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. நிலத்துக்குள் ஆயிரம் அடி பைப் இறக்கியவன் நான். எனக்குள் ஒன்றரை அடி இறங்கியதற்கு மாடு மாதிரி கத்தினேன். வெளியே வந்தபோது, அடுத்து உள்ளே போகவிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் சட்டையின் ஈரத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஒரு இடம் சரியில்லை, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பயாப்சி என்பது அதுதான். பத்து நாள் கழித்து ரிசல்ட். அப்போது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, ஆட்களை விட்டு நகர முடியவில்லை. சேலத்துக்கு வேலையாகப் போன தங்கவேலிடம் வாங்கிவரச் சொன்னேன். சாயங்காலம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"வெறும் புண்ணுங்க மச்சான். அல்சராமா. காரத்தைக் கொறைக்கச் சொன்னாங்க" என்றான்.

காரத்தைக் குறைத்தேன். சரசு தினமும் மணத்தக்காளிக் கீரை வைத்தாள். அவள் ஒருநாள் விட்டு ஒருநாள், "சேலத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்துரலாமுங்க" என்று ஆரம்பிப்பாள். நான் கத்துவேன். "புண்ணுக்கு எதுக்கடி சேலம்? அந்தக் குழாயை உன் தொண்டையில உட்டாத் தெரியும்" என்பேன். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். எப்படித் திறப்பாள்? தங்கவேல் அவளிடம் மட்டும் அன்றைக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தான். நிஜத்தைச் சொல்லாமல் என்னை அசைக்க முடியாது, நிஜத்தைச் சொல்லவும் அவளுக்குத் தைரியமில்லை. என்னுடைய அண்ணன் ஒருவர் இருந்தார். ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் நேருக்கு நேராகச் சொன்ன அன்றோடு சாப்பாட்டை நிறுத்தி, அந்த மாதமே போய்ச் சேர்ந்தவர். நோயின் பேரைக் கேட்டாலே எங்கள் வீட்டு ஆம்பளைகள் செத்துப்போவார்கள் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வர ஆரம்பித்தார்கள். அல்சருக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அதுவரை நான் பார்த்ததில்லை. பத்து வருடமாகப் பேசாத பங்காளி ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோட்டத்தை எல்லாம் எழுதி கிழுதி வெச்சிட்டீங்களா சாமி?" என்று கேட்டார். வயதானவர், ஏதோ பேசுகிறார் என்று மோர் கொடுத்து அனுப்பினேன். மகள் போன் செய்து "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள், உடனே லைன் போய்விடும். வாழப்பாடியில் டவர் சரியில்லை என்று நான் அந்தப் போன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எங்கள் பக்கம் முடிவெடுக்க முடியாத காரியத்துக்குக் கோயிலில் பூக் கேட்போம். சாமி மேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. ஒரு அமாவாசை அன்று சரசுவும் தங்கவேலும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். தோட்டத்தில் புது போர் போடலாமா என்று கேட்கப் போகிறோம் என்றார்கள். போர்க்காரனான எனக்கே சாமி வந்து தண்ணீர் காட்ட வேண்டுமா என்று கேலி பேசிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் நின்றோம். பூ எந்தப் பக்கமும் விழவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினோம். அன்றைக்கு அவர்கள் கேட்டது என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று. என் உயிரைப் பற்றிய கேள்விக்கு நானே சிரித்துக்கொண்டு கற்பூரத் தட்டைப் பிடித்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

எனக்குத் தெரியவந்தது தங்கவேலின் பேத்தி காதுகுத்தில். நாமக்கல்லில் மண்டபம் பிடித்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்துபோனார். அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. வரிசை முழுவதும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்த தங்கவேலின் மனைவி, என் இலைக்கு வந்ததும் இடுப்பிலிருந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குடித்தேன். நான் குடித்து முடித்ததும் அந்தக் கப்பை ஒரு பாட்டியம்மா இரண்டு விரல் நுனியால் தூக்கிக்கொண்டு போனார்.

சாப்பாடு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் போனேன். அண்டா கழுவுகிற இடத்தில் தங்கவேல் நின்றிருந்தான்.

"ஏன் மாப்ளை, எனக்கு மட்டும் பேப்பர் கப்பு?"

"டம்ளர் பத்தலைங்க மச்சான்."

"அந்தக் கூடையில நாப்பது டம்ளர் கவுந்து கெடக்குது. என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "பொம்பளைங்க பேச்சுங்க. ஒட்டிக்கும்னு யாரோ சொல்லிப்போட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"எது ஒட்டிக்கும்? அல்சரா?"

அவ்வளவு பெரிய மனுசன், அறுபது லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவன், அண்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதான். "டாக்டரம்மா கேன்சருன்னு சொல்லிப்போட்டாங்க மச்சான்."

எனக்கு அப்போது பயம் வரவில்லை. அந்தக் காலி நாற்காலியும் இரண்டு விரலில் போன கப்பும்தான் கண்ணில் நின்றன. மண்டபத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. சமையல்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

"வேற என்ன சொன்னாங்க?"

"அந்தப் பேரைச் சொன்னதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே காதுல உளுகலைங்க மச்சான். தலையத் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

ரிப்போர்ட்டை அவன் ஆபீசில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். ஊதுபத்திப் புகை ஏறி அது மஞ்சளாகியிருந்தது. அதில் கடைசி வரியில் டாக்டர் கையால் எழுதியிருந்தார்: ஆரம்ப நிலை, இரண்டு வாரத்துக்குள் நோயாளியை அழைத்து வரவும். நான் சேலம் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மாதம் முடிந்திருந்தது.

டாக்டரம்மா சின்னப் பெண். நாற்பதுக்குள்தான் இருக்கும். தேதியைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க? வந்தவர்கிட்ட அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பினேனே" என்றார் தங்கவேலைப் பார்த்து.

"நோவு எனக்கு. அவன்கிட்ட ஏனுங்க சொன்னீங்க?" என்றேன்.

"தப்புதாங்க. கூட வர்றவங்ககிட்ட சொல்லிடறது எங்களுக்கும் பழக்கமாயிடுச்சு" என்றார். அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ரிக் என்றேன். உடனே ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். உணவுக்குழாயின் சுவர் நிலம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே மேல்மண். அதற்குக் கீழே மெத்தென்று ஒரு அடுக்கு, ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுவது அதில்தான். அதற்கும் கீழே தசை. புற்று மேல்மண்ணோடு இருக்கிறவரை அதை மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம். இரண்டாவது அடுக்குக்குள் இறங்கிவிட்டால் அங்கிருந்து உடம்பெல்லாம் போக வழி கிடைத்துவிடும். அப்புறம் உணவுக்குழாயையே எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைக்க வேண்டும், கதிர்வீச்சு, மருந்து என்று போகும்.

"இப்ப எந்த அடுக்குல இருக்குதுங்க?"

"ரெண்டரை மாசம் முன்னாடி மேலதான் இருந்திருக்கணும். இப்ப பார்த்தாத்தான் தெரியும்."

சரசு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டி நடந்தேன். அவளோடு பேசவில்லை. காதுகுத்து அன்றிலிருந்தே பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

மறுபடியும் குழாய். இந்தத் தடவை உள்ளே அயோடினைத் தெளித்தார்கள். நல்ல தோல் அயோடினைக் குடித்துப் பழுப்பாகிவிடும். கெட்டது மட்டும் வெளுத்து நிற்கும். தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி டிவியைப் பார்த்தேன். டீ டிகாஷன் நிறத்தில் என் உணவுக்குழாய், அதில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகத் தேமல் மாதிரி ஒரு வெளுப்பு. அதன் மேல் என் எச்சில் நுரைத்துக்கொண்டு போனது. பிறகு இன்னொரு குழாய், அதன் நுனியில் ஸ்கேன். அது எத்தனை அடுக்கு ஆழம் என்று பார்க்கிறது. அப்புறம் சி.டி. ஸ்கேன். கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள், உடம்பெல்லாம் சூடாகப் பரவி, பேன்ட்டிலேயே மூத்திரம் போய்விட்ட மாதிரி இருக்கும். போகவில்லை. ஆனால் நான் தொட்டுப் பார்த்தேன், அந்த டெக்னீஷியன் பெண் சிரித்தாள்.

ஸ்கோப் அறைக்கு வெளியே இருந்த கூடத்தைப் போல ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. மயக்கம் தெளியாதவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். தாடையில் கோழை கயிறு மாதிரி தொங்கியது. பினாயில் வாசனைக்கு மேல் பித்த வாசனை. சுவரில் டிவியில் ஒரு அம்மாள் மட்டன் சுக்கா செய்து காட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொன்னால் ரிமோட் வீட்டில் இருக்கிறது என்றார் செக்யூரிட்டி. யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் ஒருவர் முட்டை பப்ஸ் தின்றுகொண்டு, "உங்களுக்கு எங்கீங்க, குடலுங்களா?" என்று விசாரித்தார்.

படத்தையெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: மேல் அடுக்கில்தான் இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் ஓரத்தில் சந்தேகம். முழுவதுமாக எடுத்து, அதை லேபில் அறுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். எடுக்கும்போது உணவுக்குழாயில் ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம். பின்னால் தழும்பு சுருங்கி வழி அடைக்கலாம், அப்போது பலூன் விட்டு விரிக்க வேண்டும். எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். ஒரு தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டேன்.

மறுநாள் காலையில் முழு மயக்கம் கொடுத்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனதாம். வெளுத்த இடத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, அதற்கு அடியில் ஊசியால் திரவத்தை ஏற்றிக் கொப்புளம் மாதிரி உப்ப வைத்து, குழாய் வழியாகவே போகிற ஊசிமுனைக் கத்தியால் சுற்றி வெட்டி உரித்து எடுத்திருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா போனில் படம் காட்டினார். தக்கை அட்டையில் குண்டூசி குத்தி விரித்து வைத்திருந்தார்கள். ஈரத் துணிக் கிழிசல் மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பேர் அழுதார்கள் என்று இருந்தது எனக்கு.

நெஞ்செலும்புக்குப் பின்னால் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி வலி. எச்சிலை விழுங்காதீர்கள், துப்புங்கள் என்றார்கள். துப்பினேன். ரத்தம் கலந்து பழுப்பாக வந்தது. சிறுநீரக வடிவில் ஒரு ஸ்டீல் தட்டு உண்டு, அதைச் சரசு தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். நர்சம்மா இரண்டு கையுறை போட்டுக்கொண்டு தொடுவதை அவள் வெறுங்கையால் வழித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவளுக்கு அருவருப்பே இல்லை. எனக்கு இருந்தது. என் மேலேயே இருந்தது. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் முழுக்க ட்ரிப்ஸ் மட்டும். அடுத்த நாள் தண்ணீர், ஒவ்வொரு வாயாக. பக்கத்துக் கட்டில்காரர்கள் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்கு வயிறு கத்தும். சரசு மட்டும் என் கண் முன்னால் எதையும் தின்னவில்லை. அவள் பட்டினி கிடக்கிறாள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கூட்டுகிற அம்மாள்தான் சொன்னார்: "உங்க ஊட்டுக்காரம்மா மாடிப்படி சந்துல நின்னுக்கிட்டு இட்லி திங்கறாங்க. வாசம் உங்களுக்கு வந்துருமாமா." எனக்கு அப்போதும் மனம் இறங்கவில்லை.

காதுகுத்துக்கு வந்த சொந்தமெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. கதவுப் பக்கமே நின்றுகொண்டு, "நல்லாயிருவீங்க சாமி" என்றது. ஆரஞ்சுப் பழத்தை அங்கிருந்தே நீட்டியது. தங்கவேலின் மனைவி மட்டும் உள்ளே வந்து கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்து, "என்னை அடிச்சுப்போடுங்கண்ணா" என்று அழுதாள். போ தாயி என்றேன். வேறென்ன சொல்ல.

மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். சூடு கூடாது, காரம் கூடாது, வெறும் கஞ்சித் தெளிவு. சரசு இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினாள். புறங்கையில் ஊற்றிப் பார்த்தாள். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொண்டுவந்து நீட்டினாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவளிடம் வாயைத் திறந்தேன்.

"இதுலயும் எதாச்சும் மறைச்சு வெச்சிருக்கறயா?"

கஞ்சி கொஞ்சம் போர்வையில் சிந்தியது. அவள் அதைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. கொழுப்பெடுத்த வாய். பசி இருந்தது, அந்தக் கஞ்சியை நானே எடுத்துக் குடித்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, வழி சுருங்காமலிருக்க ஒரு மாத்திரை. லேப் ரிசல்ட் ஒரு வாரம் கழித்து. அந்த வாரத்தில் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், பேச்சு இல்லை. புகையிலையை வீசிவிட்டேன். டீ பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிய பிறகுதான்.

ரிசல்ட்டுக்கு நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் போனோம். டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சரசுவும் எழுந்தாள்.

"நீ இங்கயே உக்காரு" என்றேன். என் நோய்க்கே என்னை வெளியே உட்கார வைத்தவர்கள்தானே, இப்போது தெரியட்டும் என்று ஒரு குரூரம். அவள் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ஆழத்தில் எல்லாம் வந்துவிட்டது. இரண்டாவது அடுக்குக்குள் இறங்கவில்லை, ரத்தக் குழாயில் இல்லை. ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம். ஆனால் பக்கவாட்டில் ஒரு ஓரத்தில், புற்று என்று சொல்ல முடியாத, புற்றாக மாறத் தொடங்கியிருக்கிற செல்கள் வெட்டின விளிம்பு வரை இருக்கின்றன. உள்ளே துளி மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்று மாதத்தில் மறுபடி குழாய் விட்டு அயோடின் தெளித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அதையும் இதே மாதிரி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்னாலேயே வந்திருந்தால் இந்த ஓரம் மிச்சமாகியிருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெளியே வந்தேன். சரசு எழுந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று கிடந்தது. நோயாளி யார் என்று கேட்டால் யாரும் அவளைத்தான் காட்டுவார்கள். என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது:

"எல்லாம் சுத்தமா போயிருச்சு. இனி ஒண்ணுமில்லை."

அவள் அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு அழுதாள். நான் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அவள் தெம்பாகப் பேச ஆரம்பித்தாள், எத்தனையோ நாள் கழித்து. மகளை வரச்சொல்ல வேண்டும், கரும்புக்குத் தண்ணீர் விட வேண்டும், நாளைக்குத் தட்டைப்பயறு கடைந்து தருகிறேன் என்றாள். நான் உம் கொட்டினேன். அவள் மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குச் சுத்தமா போயிருச்சாம் கண்ணு" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மகள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், எவ்வளவு நன்றாக நம்புகிறார்கள். எவர்களைத் தூ என்று துப்பினேனோ, அவர்களில் ஒருவனாக நானும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

புதுச்சத்திரத்தில் பஸ் நின்று கிளம்பியதும் சொன்னேன். "சரசு, முழுசும் போகலை. ஓரத்துல கொஞ்சம் சந்தேகம் இருக்குதாம். மூணு மாசத்துல மறுக்கா குழாய் விட்டுப் பாக்கோணுமாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். எங்களை என்ன பேச்சுப் பேசினீர்கள் என்று கேட்பாள், கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆஸ்பத்திரில இருந்து இங்க வரைக்கும் இதை வெச்சுக்கிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"ஒரு மணி நேரம் இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"எப்படீங்க இருந்துச்சு?"

நான் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நான் எழுவத்தொம்போது நாளு வெச்சிருந்தேனுங்க" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடித்தேன். பஸ்ஸில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் காயிதத்தை எடுங்க" என்றாள். "ஒரு வரி உடாம படிங்க. எனக்குப் புரியற மாதிரி படிங்க."

எடுத்தேன். மடிப்பைப் பிரித்து, முதல் வரியில் இருந்த என் பெயரிலிருந்து ஆரம்பித்து அவளுக்குப் படித்துச் சொன்னேன்.